மாடி அலாரமும் மலைச்சரிவுத் தீயும்

சாந்தா ஆன்ட்டி பட்டுப்புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நின்ற காட்சியிலிருந்து இந்த வாரக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

அவர் கையில் ஒரு ஷவர் கேப் இருந்தது. ஹோட்டல் குளியலறைகளில் வைத்திருப்பார்களே, தலை நனையாமல் இருக்க எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் தொப்பி, அதுதான். ஹால் கூரையில் வட்டமாக ஒட்டியிருந்த ஸ்மோக் அலாரத்துக்கு அதை மாட்டிவிட்டு, ஓரங்களைச் சுற்றிலும் இழுத்துவிட்டார்.

"முருகேசா, கீழ இருந்து பாரு. இடுக்கு ஏதாவது தெரியுதா?"

"இல்ல ஆன்ட்டி. குழந்தைக்குக் குல்லா போட்ட மாதிரி இருக்கு."

"ஹோமம் முடியற வரைக்கும் இந்தக் குழந்தை அழக்கூடாது."

ஊரில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே அமெரிக்காவில் வீடுகள் மரத்தால் ஆனவை. அதனால் அறைக்கு அறை புகையை மோப்பம் பிடிக்கும் கருவி இருக்கும். வத்தல் வறுத்தாலே கத்தும். ஹோமம் செய்கிற தமிழ் வீடுகளில் அதன் வாயைக் கட்டுவதற்கு ஷவர் கேப்தான் வழி. ஆன்ட்டி எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டலிலிருந்து ஷவர் கேப்பை எடுத்து வந்து பூஜை அலமாரியில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

நான் அந்த வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மில்பிடாஸ் ஊர் முடிந்து மலை ஆரம்பிக்கிற இடம். சேகர் அங்கிள், சாந்தா ஆன்ட்டி இருவருக்கும் பூர்வீகம் தாம்பரம். மகன் அருண் டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறான். என் அறைக் கதவைத் திறந்தால் ஒரு கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு.

அன்று காலை அந்தச் சரிவில்தான் இன்னொரு தீ மூட்டப்பட இருந்தது. அது நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்குள் கணபதி ஹோமம்.

பெஞ்சில் ஒரு பேய்

மரிசாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரே கம்பெனியில், ஒரே டெஸ்ட் பெஞ்சில் வேலை. சர்க்யூட் போர்டுகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எது தாங்குகிறது, எது படுத்துவிடுகிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. அவள் பேசுவது ஆங்கிலம். என் மனதில் அது தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே தருகிறேன்.

ஒரு மத்தியானம் கேன்டீன் கண்ணாடி வழியாக மலைகளைக் காட்டினேன். வெயில் காலத்தில் அவை தங்க நிறத்தில் இருக்கும். பே ஏரியா என்கிற இந்த விரிகுடாப் பகுதிக்கு வந்த எல்லாத் தமிழர்களையும்போல நானும் அதை வாட்ஸப் படமாக வைத்திருந்தேன்.

"இயற்கைன்னா இதுதான் மரிசா. யாரும் கை வைக்காத மலை."

அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "அது ஓட்ஸ்."

"என்னது?"

"காட்டு ஓட்ஸ். ஸ்பெயின்காரங்க மாடுகளோட வந்த புல்லு. எல்லாத்தையும் அமுக்கிட்டு அதுவே நிக்குது. காஞ்சா மஞ்சளாயிடும். நீங்க எல்லாரும் போட்டோ எடுக்கறீங்க."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

"எங்க தோட்டம்."

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்படி வந்தவனுக்கு ஒரு குணம் இருக்கும்: அச்சில் வந்த எதையும் சந்தேகப்படத் தெரியாது. அமெரிக்காவின் ஆதிக்குடிகள் வேட்டையாடினார்கள், காய்கனி பொறுக்கினார்கள், பிறகு மறைந்துபோனார்கள் என்று ஒரு பாராவில் படித்து, பரீட்சையில் எழுதி, முழு மார்க்கும் வாங்கியிருந்தேன். அதனால் உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டேன்:

"நீங்க எந்த ஊர்க்காரங்க?"

"இதே ஊரு. ஓலோனி. இந்த மண்ணோட ஆதிக்குடி."

"ஓலோனி ஜனங்க... இப்பவும் இருக்காங்களா?"

மரிசா என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டாள். "இங்க பாரு, மூரூவோட பெஞ்சில இத்தனை நாளா ஒரு பேய் உக்காந்து வேலை பாத்திருக்கு. ஓவர்டைம் வேற பண்ணியிருக்கு." முருகேசன் என்ற என் பெயர் அவள் வாயில் மூரூ.

அதன்பிறகு ரொம்ப நாளைக்கு, பழுதான போர்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "பேய்க்குக் கண்ணு தெரியாது, நீயே பாரு" என்பாள்.

வேலி போடாத தோட்டம்

மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் துண்டு துண்டாக அவள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த மலைகளில் நீலப்பூ பூக்கும் ஒரு சின்னச் செடி உண்டு. மண்ணுக்குள் கோலிக்குண்டு அளவில் கிழங்கு. பெண்கள் கூர்மையான கோலால் மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுப்பார்கள். பெரியதைக் கூடையில் போட்டுக்கொண்டு, அதில் ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகளை அந்தக் குழியிலேயே போட்டு மூடிவிடுவார்கள். கிளறக் கிளற மண் இளகும். பிரித்துப் போடப் போடச் செடி பெருகும். எடுத்த இடத்திலேயே நட்டதும் ஆயிற்று.

அதேபோல் விதைகள். புல்லும் பூண்டும் விதை பிடித்திருக்கும்போது, கைப்பிடி வைத்த முறத்தால் தட்டிக் கூடையில் சேர்ப்பார்கள். கொஞ்சம் மண்ணில் சிந்தட்டும் என்றே விடுவார்கள். எல்லாம் எடுத்து முடிந்தபின், மழைக்கு முன்னால் சரிவுக்குத் தீ வைப்பார்கள். எல்லா இடத்திலும் அல்ல. இந்த வருஷம் இங்கே, அடுத்த முறை அங்கே. காய்ந்த குப்பை சாம்பலாகும். கிழங்கு மண்ணுக்குள் குளிர்ச்சியாகப் படுத்திருக்கும். மழை விழுந்ததும் இளம்புல் வரும், அதைத் தேடி மான் வரும். ஓக் மரத்தடி சுத்தமாக இருப்பதால் அதன் கொட்டைகளைப் பொறுக்க வசதி.

கடல் கடந்து வந்தவர்கள் இதைப் பார்த்து, கடவுளே போட்ட பூங்கா என்று நினைத்துக்கொண்டார்கள். மரிசாவின் முன்னோர்களைப் பாதிரிகளின் மிஷன் கட்டடங்களுக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். தீ வைக்கக் கூடாது என்றார்கள். தோட்டத்தைக் கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று. மாடும் ஓட்ஸும் ஏறிக்கொண்டன.

"எங்க ஆளுங்க காட்டுல பொறுக்கித் தின்னாங்கன்னு உன் புக்ல எழுதியிருக்கு, இல்ல?" என்றாள் மரிசா. "தோட்டம் போட்டாங்க மூரூ. வேலி மட்டும் போடல."

பொங்கலுக்கு ஆன்ட்டி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டாம் முறை வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள், கை கழுவப் பின்பக்கம் போனாள், ஆளைக் காணோம். நான் போய்ப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக முளைத்த ஓட்ஸை இரண்டு கையாலும் விலக்கி, மடிந்து கிடந்த மெல்லிய இலை ஒன்றைக் காட்டினாள்.

"அந்தக் கிழங்குதான். உயிரோட இருக்கு," என்றாள். "பூக்கறதுக்கு வெளிச்சம் கிடைக்கல, அவ்வளவுதான்."

ஆன்ட்டி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "பாயசம் ஆறுது, அப்புறம் தோண்டலாம்" என்றார்.

எழுதினவனுக்கு ஆடு இருக்கா

அந்தச் சரிவு எங்கள் தெருவின் வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குச் சொந்தம். ஹெச்.ஓ.ஏ என்பார்கள். வேலி என்ன நிறம், குப்பைத்தொட்டி எந்தக் கிழமை வெளியே வரலாம் என்பது வரை விதி போடும் சங்கம். சேகர் அங்கிள்தான் அதற்குத் தலைவர். வீட்டுக்குள் திறந்த தீ மூட்டக் கூடாது என்ற விதியே அவர் கொண்டுவந்ததுதான்.

மரிசாவும் அவள் உறவினர்களும் கேட்டது சின்ன விஷயம். சரிவில் ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு இடம். ஐப்பசி வாக்கில், தீயணைப்பு வண்டி பக்கத்தில் நிற்க, ஒரு காலை நேரம் எரித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பாத்தியை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் கூட்டம் சூடாக இருந்தது. எங்கள் தெரு மூலை வீட்டுக்காரர் அதே இடத்தைச் சமன் செய்து, டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் விளையாட்டுக்கு ஆடுகளம் போடலாம் என்று படமே வரைந்து வந்திருந்தார். கெட்டவர் அல்ல. ஆனால் காட்டுத்தீயில் ஒரு வீட்டை இழந்துவிட்டு இங்கே வந்தவர். தீ என்ற சொல்லைக் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அதைப் பார்த்தவன் என்பதால் அவரைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை.

"வீட்டுக்குப் பின்னாடி தீ வைக்கறதுக்கு நாமளே கையெழுத்துப் போடறதா?" என்றார் அவர். நிறைய தலைகள் ஆடின.

வாடகைக்காரனுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் பேசலாம். எழுந்து நின்றேன். என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் அப்பா ஆடு மேய்த்தார். கோடை வந்தால் மேய்ச்சல்காரர்கள் கூடிப் பேசி, காற்று அடங்கிய நேரம் பார்த்து, மேட்டில் காய்ந்த புல்லைப் பொசுக்குவார்கள். மழைக்குப் பின் துளிர் வரும். ஒரு வருஷம் வனத்துறை அங்கே போர்டு நட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்த நான் எழுத்துக் கூட்டிப் பெருமையாகப் படித்தேன்: தீ வைப்பது குற்றம்.

அப்பா கேட்டார், "எழுதுனவனுக்கு ஆடு இருக்கா?"

போர்டு போட்டபின் யாரும் பொசுக்கவில்லை. புல் வருஷா வருஷம் காய்ந்து காய்ந்து மேலே சேர்ந்தது. பிறகு ஒரு பங்குனியில் எவனோ பீடியைப் போட்டான். அந்தத் தீயை எங்களால் பார்க்கத்தான் முடிந்தது.

"சின்னத் தீ வைக்காத இடத்துலதான் பெரிய தீ வருது" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. மூலை வீட்டுக்காரர் தான் வரைந்து வந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார். ஒரே ஒரு முறை என்று தீர்மானம் எழுதினார்கள். தெருவில் எந்த வீட்டிலிருந்தாவது புகையால் தொந்தரவு என்று புகார் வந்தால் அதோடு சரி, பிறகு ஆடுகளம்.

காரில் திரும்பும்போது அங்கிள் சொன்னார், "உன் அப்பா பேச்சக் கேட்டு ஓட்டுப் போட்டிருக்கேன்டா. ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் என் மானம் போயிடும்."

மரிசாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒரு தடவை போதும். கிழங்குக்கு எங்கள ஞாபகம் இருக்கும்" என்றாள்.

கேட்டியிலிருந்து வந்த போன்

அந்த ஐப்பசிக் காலைக்கு வருகிறேன். ஆன்ட்டி கீழ்த்தளத்தில் இருந்த எல்லா அலாரத்துக்கும் குல்லா போட்டு முடித்திருந்தார். குருக்கள் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, சுள்ளி வைத்தார். சங்கல்பம் சொல்ல வேண்டும்.

"யாருக்காகப் பண்றோம்?"

"மரிசான்னு ஒரு பொண்ணு. பின்னாடி மலையில ஒரு காரியம் பண்றா. தடங்கல் இல்லாம நடக்கணும்."

"நட்சத்திரம்?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "அவ பர்த்டே தெரியுமாடா?"

"ஆபீஸ்ல கேக் வெட்டினோம் ஆன்ட்டி. மழைக்காலம்னு ஞாபகம்."

"இவன் கல்யாணம் பண்ணி என்ன பண்ணப் போறான்?" என்று ஆன்ட்டி குருக்களிடம் முறையிட்டார்.

குருக்கள் அசரவில்லை. "நட்சத்திரம் பகவானுக்குத் தெரியும். கோத்திரம் தெரியலேன்னா சிவ கோத்திரம்னு சொல்லிடலாம்." அப்படியாக ஓலோனிப் பெண்ணொருத்தி எங்கள் ஹாலில் சிவ கோத்திரத்தில் சேர்ந்தாள். அங்கிளும் ஆன்ட்டியும் போன்களை சைலன்ட்டில் போட்டுவிட்டு மணையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியே தெருவில் நெய் வாசம் போகக் கூடாதே. தலைவர் வீடல்லவா.

நான் பின்பக்கமாகச் சரிவுக்கு ஓடினேன்.

மரிசாவோடு அவள் உறவினர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாத்தியைச் சுற்றிப் புல்லை மண்வரை செதுக்கி, அகலமாகக் கோடு போட்டு நனைத்திருந்தார்கள். கீழே மண்சாலையில் தீயணைப்பு வண்டி. அந்தக் குழுவின் கேப்டன் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டி நட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் விரிகுடாக் காற்று எழும். அதற்குள் முடிக்க வேண்டும். வேறு எங்காவது அவசரம் என்றால் வண்டி போய்விடும். வண்டி இல்லாமல் தீ கிடையாது. இதெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மரிசாவின் சித்தப்பா தங்கள் மொழியில் கொஞ்சம் பேசினார். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு சோதனைக்காக, பாய் அளவு இடத்தில் மட்டும் மரிசா தீ வைத்தாள். புகை நேராக மலைமேல் ஏறியது. வீடுகள் பக்கம் ஒரு இழைகூட வரவில்லை. கேப்டன் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போது என் பாக்கெட்டில் போன் துடித்தது. கேட்டியிலிருந்து அருண்.

"முருகேஷ், எங்க வீட்ல ஃபயர். ஆப்ல அலர்ட் வந்துச்சு, மாடி ஹால்வே. அப்பா எடுக்கல, அம்மா எடுக்கல. அலாரம் கம்பெனிக்காரன் என்ன பண்ணட்டும்னு கேட்டான். அனுப்புய்யா வண்டியன்னு சொல்லிட்டேன்."

அவன் பேசி முடிப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மாடியில் ஒரு அலாரம் இருந்தது. புகை மேலேதான் போகும் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் இரண்டு பேர் இன்ஜினியர்கள்.

கேப்டனின் ரேடியோ எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னது. அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். குழாய் திரும்பியது, பாய் அளவு தீ சீறி அணைந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

மரிசா கையுறைகளைக் கழற்றி ஒரு பாறைமேல் வைத்தாள். ரிப்பன் நுனி லேசாக ஆட ஆரம்பித்திருந்தது.

"நெய் ஊத்தினது நான்"

நான் முன்வாசலுக்குப் போனபோது பாதித் தெரு அங்கே நின்றது. மூலை வீட்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது.

"மலைப் புகை வீட்டுக்குள்ள வந்துடுச்சு," என்றார். "இதைத்தான் அன்னிக்கே சொன்னேன். இது புகார்தான், எழுதிக்கோங்க."

கதவைத் திறந்த அங்கிள் வேட்டியின்மேல் ஜாக்கெட் போட்டிருந்தார். உள்ளே அலாரம் அலறிக்கொண்டிருக்க, அதற்கு மேலே குருக்கள் மந்திரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேப்டன் கேட்டார்: "சார், வெளியே இருந்து புகை வந்ததா? ஜன்னல் திறந்திருந்ததா?"

அங்கிள் தெருவைப் பார்த்தார். மூலை வீட்டுக்காரரைப் பார்த்தார். தான் போட்ட விதி அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். நல்ல மனிதர். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஜன்னல்... ஒருவேளை திறந்திருக்கலாம்."

அந்த ஒரு சொல்லில் மரிசாவின் பாத்தி முடிந்துவிட்டது என்று புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிளின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆன்ட்டி வந்தார். கையில் நெய்க் கரண்டி.

"விண்டோஸ் ஆல் க்ளோஸ்ட், கேப்டன்," என்றார். "திஸ் இஸ் மை ஸ்மோக். ஃப்ரம் மை ஃபயர். நாட் ஃப்ரம் தெயர் ஃபயர்."

பிறகு தமிழில் அங்கிளைப் பார்த்து, "நெய் ஊத்தினது நான். பழி அந்தப் பொண்ணுக்கா?" என்றார்.

கேப்டன் உள்ளே போனார். பூட்ஸ் ஈரம் ஹாலில் பதிந்தது. செங்கல் சதுரத்தைப் பார்த்தார், குருக்களைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து ஷவர் கேப்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது என்ன?"

"ஷவர் கேப்," என்றார் ஆன்ட்டி.

"எதற்காக இந்தப் பூஜை?"

"உங்க தீ நல்லபடியா நடக்கணும்னு."

கேப்டன் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டார். குருக்களிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். "பூர்ணாஹுதி ஆயிடுத்தும்மா, ஒரே ஒரு கற்பூரம்" என்றார் அவர். அது தணிந்ததும், குழுவில் ஒருவர் மாடிக்குப் போய் அலாரத்தை நிறுத்தினார். அடுத்த முறை முன்கூட்டியே நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், முடிந்த உடனே குல்லாவைக் கழற்ற வேண்டும், ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று கேப்டன் அடுக்கினார். ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அங்கிள் படியிறங்கி வந்தார். மூலை வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"தப்பு என் வீட்டுல. நானே போட்ட ரூல், நானே மீறிட்டேன். சங்கத்துலேருந்து எனக்கு வார்னிங் லெட்டர் வரும். கையெழுத்துப் போடறதும் நான்தான்." கொஞ்சம் நிறுத்தி, "மலையிலேருந்து புகை வரல. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது" என்றார்.

மூலை வீட்டுக்காரர் சரிவு இருக்கும் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். காற்றில் இருந்தது நெய் வாசம் மட்டும்தான். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு அவங்களுக்கு?" என்று கேப்டனைக் கேட்டார்.

பாதி

ரிப்பன் இப்போது நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. கேப்டன் சரிவை மேலும் கீழும் பார்த்தார்.

"மேல் பாதி முடியாது. கீழ் பாதி, உடனே ஆரம்பித்தால்."

மரிசா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டே என்னிடம், "உன் ஆன்ட்டி எனக்காகத் தீ மூட்டினாங்களாமே?" என்றாள்.

"ஆமா. உனக்கு கோத்திரம் எல்லாம் குடுத்தாச்சு."

"அப்படின்னா?"

"அப்புறம் சொல்றேன். வேலையப் பாரு."

குறுக்கே ஒரு கோடு வெட்டி நனைத்தார்கள். தீ முழங்கால் உயரத்துக்குமேல் எழவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு மெதுவாக நடந்து போனது. அதன் பின்னால் மரிசாவின் குடும்பம், எங்கேயாவது புல் தடித்துக் கிடந்தால் கோலால் கலைத்துவிட்டபடி. மூலை வீட்டுக்காரர் வேலியோரம் தன் தோட்டக் குழாயைப் பிடித்தபடி கடைசிவரை நின்றார். தண்ணீரைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

கரும்பட்டையாக அந்தப் பாதி மட்டும் மிஞ்சியது. ஆன்ட்டி எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். தீயணைப்புக்காரர்கள் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போனபின் அங்கிள் முனகுவது கேட்டது: "பிரெட் டோஸ்ட் கருகிடுச்சுன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்."

"பட்டுப்புடவை கட்டிக்கிட்டு டோஸ்ட் போடறவ எவ?" என்றார் ஆன்ட்டி.

கோடு

மழை வந்தது. கரும்பட்டை பச்சையானது, மேல் பாதியும் பச்சையானது. தை போய் மாசி வரை பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கிள் காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்று, "ஒண்ணும் காணோமேடா" என்பார்.

பங்குனியில் ஒரு காலை அவர்தான் என் கதவைத் தட்டினார். சரிவைக் காட்டினார்.

யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கோட்டுக்கு மேலே இடுப்பளவு ஓட்ஸ், ஒரே பச்சை. கோட்டுக்குக் கீழே குட்டையான புல், அதற்குள் நூல்போன்ற தண்டுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நீலப்பூக் கொத்து. எண்ண முடியாது. இத்தனை காலம் மண்ணுக்குள் இவ்வளவு கிழங்குகளும் காத்துக் கிடந்திருக்கின்றன என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் பாடப்புத்தகத்தின் அந்தப் பாரா நினைவுக்கு வந்தது. மறைந்துபோனார்கள் என்று எழுதியவர் சரிவைக் கிளறிப் பார்க்கவில்லை.

பூ உதிர்ந்து தண்டு காய்ந்தபின் மரிசா கோலோடு வந்தாள். இந்த முறை அதிகம் எடுக்கப் போவதில்லை, பிரித்துப் போடத்தான் வந்தேன் என்றாள். குழிக்குள்ளிருந்து ஒரு கிழங்கை எடுத்து, அதன் இடுப்பில் ஒட்டியிருந்த குட்டிகளை விரலால் உதிர்த்து, திரும்பப் போட்டு மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். ஒரு கைப்பிடி மட்டும் ஆன்ட்டிக்குக் கொடுத்தாள். மரிசா சொன்னபடி ஆன்ட்டி அதை இட்லித் தட்டில் ஆவியில் வைத்தார். ஆளுக்கு ஒன்று.

"சேப்பங்கிழங்குக்கும் உருளைக்கும் நடுவுல இருக்கு. கொஞ்சம் இனிப்பு," என்றார் ஆன்ட்டி. பிறகு யோசித்து, "வத்தக்குழம்புக்கு நல்லா இருக்கும்."

"இன்னும் நாலஞ்சு வருஷம் போகட்டும் ஆன்ட்டி," என்றாள் மரிசா. "குழம்புக்குப் போதுமான அளவு வரும்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஆடுகளம் பற்றி யாராவது பேசுவார்கள் என்று நான் தயாராகப் போயிருந்தேன். மூலை வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். அவர் கேட்டது ஒன்றுதான்:

"மேல் பாதி எப்போ?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எங்கள் பின்பக்கக் கதவருகே கார் சாவி மாட்டும் கொக்கி ஒன்று உண்டு. இப்போது அதில் ஷவர் கேப்புகள் கொத்தாகத் தொங்குகின்றன, மாடிக்கும் சேர்த்து. போன வாரம் ஆன்ட்டி தீயணைப்பு நிலையத்துக்கே போன் செய்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஹலோ கேப்டன், திஸ் இஸ் சாந்தா. இந்த வருஷமும் ரெண்டு ஃபயர். முதல்ல எங்க வீட்டுல, அப்புறம் மலையில. ரெண்டுக்கும் வந்துடுங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."